பழைய நாடாவின் நிறம்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம். அதற்குப் பிறகு மளிகைக்குச் சீட்டு எழுதியதோடு சரி. ஒன்றைச் சொல்லப் போய் இன்னொன்றில் நிற்பேன். நடுவில் மறந்தும் போகும். நம் வயதுக்காரர்கள் படிக்கிற இந்த மாதப் புத்தகம், சின்ன வயதில் நடந்ததை எழுதுங்கள் என்று சொன்னதால் எழுதுகிறேன். நாலு பேர் எதிரில் பேசவே கூசுகிறவள் நான். காகிதம் என்பதால் தைரியம் வந்தது.

நான் சின்ன மகள் வீட்டில் இருக்கிறேன். அவள் புருஷன் பாண்டிச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். அவருக்குப் பழைய மெடல் சேர்க்கிற பைத்தியம். அதுவும் ஜெர்மன்காரர்களின் பட்டாள மெடல் என்றால் சோறு தண்ணி வேண்டாம். வெள்ளைக்காரத் தெருக்களில் பழைய வீட்டை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் காயலாங்கடைக்கு ஓடுவார். மீதி நேரம் இன்டர்நெட் சென்டர். மகளுக்குப் பிடிக்காது.

"செத்தவன் மாருல இருந்து அவுத்ததெல்லாம் கொண்டாந்து வெக்கிறாரும்மா. வெளக்கேத்துற ஊடா இது?"

"உங்கம்மா ஊட்டுல இருந்து நீ கொண்டாந்த அண்டா மட்டும் இன்னா பண்ணுது? அதுவும் பரண் மேல சும்மாதானே கெடக்குது" என்பார் அவர்.

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவேன். மருமகன் எதிரில் நின்று பேசி எனக்குப் பழக்கமில்லை. சமையலறைக் கதவோரம் உட்கார்ந்துதான் பதில் சொல்வேன்.

பாண்டிச்சேரி என்ற பேரைப் புதுச்சேரி என்று மாற்றினார்களே, அந்தச் சமயம். வீட்டைச் சுத்தம் செய்கிற நாள். அவர் கூடத்தில் பாய் விரித்து மெடல்களையெல்லாம் பரப்பியிருந்தார். ஒரு காந்தத் துண்டை எடுத்து ஒவ்வொன்றிலும் வைத்துப் பார்த்தார். நிஜமான சிலுவை மெடல் என்றால் நடுவில் இரும்பு இருக்குமாம், காந்தம் கவ்வுமாம். சுற்றிலும் வெள்ளி விளிம்பு தனியாகச் செய்து பற்ற வைத்திருக்குமாம். மொத்தமாக ஒரே வார்ப்பில் ஊற்றினது போலியாம். பிறகு நாடாக்கள். அவற்றை பிளாஸ்டிக் உறையில் தனித்தனியாகப் போட்டிருந்தார். ரூபாய் நோட்டு பார்க்கிற நீல விளக்கை அடித்துப் பார்த்தார். பழைய பட்டும் பருத்தியும் சும்மா இருக்கின்றன, புது நைலான் நூல் இருந்தால் பளீரென்று மின்னுகிறது.

"கறுப்புல வெள்ளக் கர இருந்தா சண்டையில நின்னவன் அத்தை. வெள்ளையில கறுப்புக் கர இருந்தா சண்டைக்குப் போவாம ஊர்ல இருந்து வேல பாத்தவன். மெடல் ஒண்ணுதான். ஆள் யாருன்னு நாடாதான் சொல்லும்."

நான் எட்டிப் பார்த்தேன். பாயின் ஓரத்தில் ஒரு கறுப்புச் சிலுவை. கை நாலும் நுனியில் அகன்று, வெள்ளி விளிம்போடு. நடுவில் ஒரு எழுத்து, மேலே கிரீடம், கீழே 1914.

"இதே மாதிரி ஒண்ணு எங்க ஊட்டுல இருந்துச்சு" என்றேன்.

முதலியார்பேட்டையில் எங்கள் வீடு ஒரு ஓட்டு வீடு. அப்பா பஞ்சாலையில் வேலை. ஆலைச் சங்கு ஊதும்போது எங்கள் வீட்டு அடுப்பில் உலை கொதிக்கும், அந்தச் சத்தமும் கஞ்சி வாசனையும் எனக்கு ஒன்றாகவே ஞாபகம். அப்போது பிரெஞ்சுக்காரன் இன்னும் போகவில்லை. கூடத்துச் சுவரில் பெரியப்பாவின் போட்டோ மாட்டியிருந்தது. பட்டாளத் தொப்பி, முகம் பாதி வெளிறிப்போயிருக்கும். முதல் சண்டைக்குப் பிரெஞ்சுப் பட்டாளத்தில் போனவர். திரும்பி வந்து இருமி இருமியே செத்துப்போனார், கல்யாணம் கட்டவில்லை. நான் அவரைப் பார்த்ததில்லை. போட்டோவுக்குப் பக்கத்து ஆணியில் அவருடைய மெடல் தொங்கும். நான் மேலே சொன்னதே போன்ற சிலுவை.

சிலுவையாக இருந்தாலும் எங்களுக்கு அது பெரியப்பாதான். வெள்ளிக்கிழமை தோறும் அம்மா அதற்கு விபூதி பூசிக் குங்குமம் வைப்பாள். குங்குமமும் ஈரமும் சேர்ந்து நடுவில் துரு ஏறிவிட்டது. அப்பா கோபித்துக்கொள்ள மாட்டார். யாராவது புதிதாக வந்தால் காட்டுவார். "எங்கண்ணனுக்கு பிரான்ஸ்காரன் குடுத்தது. ரெண்டு குடுத்தான். ஒண்ணு வெறும் பழுப்பு. அத எங்கண்ணன் மாரு மேலயே வெச்சிப் பொதச்சிட்டோம். வெள்ளி போட்டத ஊட்டுக்கு வெச்சிகினோம்." எங்கள் சனத்தில் புதைப்பதுதான் வழக்கம். வெள்ளி போட்டதில் நாடா இல்லையாம், அதனால் பழுப்பு மெடலின் நாடாவைக் கழற்றி இதில் கோத்து மாட்டினாராம். இதையும் அவரே சொல்வார். யார் அதைக் காது கொடுத்துக் கேட்டார்கள்?

அந்த வருஷம் மழை விடாமல் பெய்தது. சுவரெல்லாம் ஓதம். துணி காயாமல் வீட்டுக்குள்ளேயே ஒரு புளித்த வாசனை. அந்த மழைக்காலத்தில்தான் என் அக்காவுக்கு ஒரு இடம் வந்தது. பையனுக்குச் சைகோனில் உத்தியோகம். பையனின் அப்பா சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து வந்தவர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பெரிய கௌரவம். ஜூலை மாதம் கடற்கரையில் சொல்தாக்கள் மெடல் குத்திக்கொண்டு நடக்கும்போது அவர் முதல் வரிசையில் போவார். எங்கள் மாதிரி ஆலைக்காரன் வீட்டுக்கு அவர் வர ஒப்புக்கொண்டதே பெரியப்பாவுக்காகத்தான். "சொல்தா இருந்த ஊடுன்னா சரி" என்றாராம் தரகரிடம்.

பையன் சைக்கிளில் எங்கள் தெருவில் இரண்டு மூன்று முறை போனார். மழையில் எதற்குப் போகிறார் என்று எனக்குத் தெரியாது. அக்கா உள்ளே இருந்தபடியே மணிச் சத்தத்தைத் தெரிந்துகொள்வாள். சிரித்துக்கொண்டே என்னைத் தள்ளிவிடுவாள். "போய்ப் பாருடி, கொட புடிச்சிருக்காரா நனையிறாரான்னு மட்டும் பாத்துட்டு வா." அக்கா அப்படிச் சிரித்ததை அதற்கு முன்பும் பின்பும் நான் பார்க்கவில்லை.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள் அம்மா வீட்டையே தலைகீழாக்கினாள். மெடலை இறக்கி, புளி போட்டு விளிம்பைத் தேய்த்தாள். நாடாவைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"கருவாட்டுத் துணி மாதிரி இருக்குது. சொல்தா ஊட்டுக்காரங்க வந்து இதப் பாக்கவா?"

"அண்ணன் நாடா, இருக்கட்டுமே" என்றார் அப்பா.

"நீ சும்மா இருய்யா. பொண்ணு வாழப் போற காரியம்."

பெரிய மார்க்கெட்டுக்குப் போய் நீலம், வெள்ளை, சிவப்பு மூன்று கரையும் சேர்ந்த ரிப்பன் வாங்கி வந்தாள். பிரெஞ்சுக் கொடி நிறம். பழைய நாடாவைக் கத்தரியால் வெட்டி எடுத்துவிட்டுப் புது ரிப்பனை வளையத்தில் கோத்துத் தைத்தாள். வெட்டின நாடாவையும் எறியவில்லை, அம்மா எதையும் எறிய மாட்டாள். மண்ணெண்ணெய் பாட்டிலின் கழுத்தில் கட்டிச் சமையலறை ஆணியில் மாட்டினாள். சுவரில் மெடல் புதிதாகப் பளபளவென்று தொங்கியது. அப்பாவுக்கும் அப்போது சந்தோஷம்தான். "பாத்தியா, கவர்னர் ஊடு மாதிரி இருக்குது" என்றார்.

மறுநாள் அவர்கள் வந்தார்கள். பையனின் அப்பா கோட்டில் மெடல்களைக் குத்திக்கொண்டு வந்திருந்தார். இடது கையில் இரண்டு விரல் இல்லை. பாலைவனத்தில் ஜெர்மன்காரனோடு சண்டை போட்டபோது போனது என்று தரகர் முன்பே சொல்லியிருந்தார். பையனின் அம்மா நேரே சமையலறைக்குப் போனார், பெண் வீட்டுச் சுத்தம் பார்க்க. அங்கே நின்று கை கழுவிக்கொண்டார். அவர் தலைக்கு நேர் மேலே அந்த மண்ணெண்ணெய் பாட்டில். அவருக்கு அதில் என்ன தெரியப் போகிறது? அடுப்பைப் பார்த்து "சுத்தமாத்தான் இருக்குது" என்றார். அம்மாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

கூடத்தில் அப்பா, பிரெஞ்சு மரியாதையாக முசியே என்று கூப்பிட்டு, சுவரைக் காட்டினார். "எங்கண்ணன், முசியே. மொத சண்டைக்குப் போனவரு."

பையனின் அப்பா எழுந்தார். பெரியப்பாவின் போட்டோவுக்கு ஒரு சல்யூட் வைத்தார். பிறகு பக்கத்தில் பார்த்தார். கிட்டே போனார். மெடலை விரல் இல்லாத கையாலேயே தூக்கித் திருப்பினார். அந்த இடத்தில் எனக்கு மழைச் சத்தம் மட்டும்தான் ஞாபகம்.

"இது ஏது?"

"பிரான்ஸ்காரன் குடுத்தது முசியே."

"பிரான்ஸ்காரனா? இது பொஷ்ஷு மெடல்யா. ஜெர்மன்காரன் மெடல். நடுவுல இருக்கறது அவங்க ராஜா எழுத்து." மெடலைத் திரும்பச் சுவரில் விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்தார். "எந்தக் காயலாங்கடையில புடிச்ச? புடிச்சதும் இல்லாம எங்க கொடிய அதுக்கு சோடிச்சு வெச்சிருக்க?"

"ஐயோ, எங்கண்ணன் பொட்டியில இருந்ததுங்க. இன்னொண்ணும் இருந்துச்சு முசியே. பழுப்பா. அத அவரு கூடவே பொதச்சிட்டோம்."

"காயிதம் இருக்குதா?"

"கறையான் தின்னுட்டுது."

"ஒண்ணு கறையான் தின்னுட்டுது, ஒண்ணு மண்ணுக்குள்ள இருக்குது. தோண்டியா பாக்க முடியும்? ஒண்ணு நீ பொய் சொல்ற. இல்லன்னா உங்கண்ணன் அவங்க கிட்ட மாட்டிகினு அவங்களுக்கே சேவகம் பண்ணவன். எது நெசம்னு நீயே முடிவு பண்ணிக்க."

பலகாரம் தட்டில் அப்படியே இருந்தது. பையன் தலை குனிந்து செருப்பை மாட்டினார். அக்கா கதவுக்குப் பின்னால் காபித் தட்டோடு நின்றிருந்தாள். அவள் வெளியே வரவே இல்லை, அவர்கள் அவளைப் பார்க்கவும் இல்லை.

தெரு முழுக்கப் பரவிவிட்டது. எங்கள் வீட்டுக்கு "ஜெர்மன்காரன் ஊடு" என்று பேர் வந்தது. குழாயடியில் என்னைப் பார்த்தால், "வழி உடுங்கடி, ஜெர்மன் தொரசாணி வராங்க, சுட்டுடுவாங்க" என்பார்கள். நான் குடத்தை வைத்துவிட்டு ஓடி வந்துவிடுவேன். வேறு இடம் எதுவும் அக்காவுக்கு வரவில்லை. வந்த ஒன்று இரண்டும் இந்தக் கதை காதில் விழுந்ததும் நின்றுவிட்டது.

ஒரு நாள் அப்பா மெடலைக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டு கடற்கரைக்கு நடந்தார். நானும் கூடப் போனேன், ஏன் கூட்டிப் போனார் என்று தெரியாது. பழைய இரும்புப் பாலத்துப் பக்கம் கடல் கலங்கிச் சேற்று நிறமாக இருந்தது. அவர் முதலில் மூவர்ண ரிப்பனைப் பிரித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கொடி நிறத்தைக் கடலில் போட்டால் போலீஸ் பிடிக்கும் என்று பயம். சிலுவையை மட்டும் வீசினார். அலை வந்து திரும்பிப் போயிற்று. "எங்கண்ணன் பொய் சொல்ற ஆளு இல்லம்மா" என்றார். ஒன்பது வயதுப் பெண்ணிடம் சொல்லி என்ன?

அக்கா நம்பவில்லை. இதைத்தான் எழுதத் தயக்கமாக இருக்கிறது. காயலாங்கடையில் வாங்கி வந்து மாட்டி, அப்பா பொய் சொல்லித் தன் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டார் என்று அவள் மனதில் விழுந்துவிட்டது. சொல்தா சொன்னதைத்தான் நம்பினாள். அதன் பிறகு அப்பாவிடம் நேராகப் பேசவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, "அப்பாவ சாப்பிட வரச் சொல்லு" என்று என்னிடம் சொல்வாள். அவர் அங்கேதான் உட்கார்ந்திருப்பார். எனக்குக் கல்யாணம் ஆனபிறகு சுவரைப் பார்த்துச் சொன்னாள். கன்னியர் மடத்தில் பூத்தையல் வேலைக்குப் போனாள், கண் மங்கும் வரைக்கும் அதே வேலை. அப்பா சாகும் வரைக்கும் அதே மௌனம்.

மருமகன் இவ்வளவையும் கேட்டார். அவர் காந்தத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"அத்தை, அந்தப் பழைய நாடா, பாட்டில்ல கட்டினது. அது என்னா கலரு?"

"அது எப்பவோ போயிடுச்சு. அழுக்கா இருக்கும்."

"அழுக்குக்கு அடியில?"

அவர் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. தன்னிடம் இருந்த நாடா எல்லாவற்றையும் பாயில் வரிசையாக வைத்தார். "நீங்களே பாருங்க" என்று எழுந்து வாசலுக்குப் போய்விட்டார், நான் கூச்சப்படுவேன் என்று. நான் பாயருகில் உட்கார்ந்தேன். கறுப்பு வெள்ளை, வெள்ளை கறுப்பு, நடுவில் சிவப்பு போட்டது, நீலம், மஞ்சள். எதுவும் இல்லை. ஓரத்தில் ஒதுக்கி வைத்த ஒரு உறையில் பச்சை. பச்சையில் மெல்லிய சிவப்புக் கோடுகள். அடுப்பங்கரையில் மண்ணெண்ணெய் பாட்டிலை எடுக்கும்போது விரலில் படுமே, அந்தச் சொரசொரப்பு கூட ஞாபகம் வந்தது.

அவர் வந்து பார்த்தார். அந்த உறையைக் கையில் எடுத்தார்.

"இது ஜெர்மன் இல்ல அத்தை. கூட கலந்து வந்துடுச்சுன்னு ஒதுக்கி வெச்சது. இது பிரெஞ்சுக்காரன் நாடா. மொத சண்டையில தைரியமா நின்னவனுக்குக் குடுத்த மெடலோடது. அந்த மெடல் வெண்கலம். பாக்கறதுக்குப் பழுப்பாத்தான் இருக்கும்."

"அப்போ அந்தக் கறுப்புச் சிலுவை?"

"புடிபட்ட ஜெர்மன்காரன் கிட்ட இருந்தோ, செத்தவன் கிட்ட இருந்தோ எடுத்தது. அந்தக் காலத்துல எல்லா சிப்பாயும் அப்பிடி ஒண்ணு எடுத்து வெச்சிப்பான், ஞாபகத்துக்கு. அதான் அதுக்கு நாடா இல்ல. உங்கப்பா சொன்னது அத்தனையும் சரியாத்தான் இருக்குது."

பழுப்பாக இருந்ததை மண்ணில் போட்டார்கள், வெள்ளி போட்டதைச் சுவரில் மாட்டினார்கள். எங்களுக்கு வெள்ளிதான் உசத்தி, வேறென்ன தெரியும்? அந்த நாடா மட்டும் மெடலில் இருந்திருந்தால் பெரியப்பாவுக்குப் பிரெஞ்சு மெடல் கிடைத்ததை அந்தச் சொல்தா பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொண்டிருப்பார். அவர் கோட்டிலேயே அந்த மாதிரி எத்தனையோ நாடா. எங்கள் நாடா அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு சுவர் தள்ளித்தான் தொங்கியது.

மறுநாளே பஸ் ஏறி முதலியார்பேட்டைக்குப் போனேன். அக்கா அதே வீட்டில் தனியாக இருக்கிறாள். வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தலை நிமிரவில்லை. கீரைத் தண்டை ஒடித்துக்கொண்டே இருந்தாள், ஆய்ந்த கீரையிலேயே தண்டையும் போட்டாள்.

"பச்ச இல்ல" என்றாள்.

"நான் தொட்டிருக்கேன்க்கா. பச்ச. செவப்புக் கோடு."

"நாப்பது வருசம் நூல் கலர் பாத்தவ நான். எனக்குக் கலர் சொல்ல வந்துட்டியா? நீ அப்போ இத்தினிகூண்டு. உன் பச்சப் பாவாடைய நெனச்சிகினு ஒளர்ற."

"அப்போ இன்னா கலரு, நீ சொல்லு."

"பச்ச இல்ல. அவ்ளோதான். காப்பி குடிக்கிறியா?"

எனக்குப் புரிந்தது. பச்சை என்றால் அப்பா பொய் சொல்லவில்லை. அப்படியென்றால் அக்கா அவரோடு பேசாமலே இருந்த வருஷமெல்லாம் என்ன ஆவது? காபி குடித்துவிட்டு வந்துவிட்டேன். வரும் வழியெல்லாம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒரு பச்சைப் பாவாடை எனக்கு இருந்ததும் உண்மைதான்.

பத்து நாள் கழித்திருக்கும், பக்கத்து வீட்டுச் செல்போனிலிருந்து அக்கா பேசினாள். அவள் போன் பண்ணுகிறவள் இல்லை. பயந்துபோனேன்.

"அப்பா கடைசில பேச்சு போறதுக்கு முன்னாடி எங்கிட்ட என்னமோ சொன்னாரு" என்றாள். "நான் செவுத்துப் பக்கம் திரும்பிகினேன். நீ கால்மாட்டுலதானே உக்காந்திருந்த. உனக்குக் கேட்டுச்சா? இன்னா சொன்னாரு?"

நான் உட்கார்ந்திருந்தேன். அது ஞாபகம் இருக்கிறது. அப்பாவின் உதடு அசைந்ததும் ஞாபகம் இருக்கிறது. சொன்னது என்ன என்று எத்தனை யோசித்தாலும் வரவில்லை. "யோசிச்சு சொல்றேன்க்கா" என்று வைத்துவிட்டேன். இன்னும் சொல்லவில்லை.

அதனால் இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் யாராவது முதல் சண்டைக்குப் போன சொல்தா இருந்து, பெட்டியில் பழுப்பான வெண்கலச் சிலுவை மெடல் இருந்தால், அதன் நாடாவை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து நிறம் என்ன என்று எழுதுங்கள். மருமகனும் தவறியிருக்கலாம், நானும் மறந்திருக்கலாம். பச்சை இல்லை என்றாலும் தயங்காமல் எழுதுங்கள். அக்காவுக்கு அது ஆறுதலாக இருக்கும்.